டிராக்டர் நிற்கும் வீட்டிலிருந்து ஒரு மடல்

நம் நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், தெருவிலுள்ள அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகள் எல்லோருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்போகும் தீர்மானங்களின் நகல் என் வீட்டுக்கும் வந்தது. அதில் ஒன்று, டிராக்டர், டிப்பர், ஜேசிபி போன்ற கனரக வாகனங்களை நகருக்குள் வீட்டு வளாகத்திலோ தெருவிலோ நிறுத்தக் கூடாது என்கிறது. இங்கே டிப்பர் வைத்திருப்பவர் யாருமில்லை, ஜேசிபியும் கிடையாது. ஐந்தரை சென்ட் சைட்டில், மாடிப்படிக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகைக்குள் நிற்கும் என் சிவப்பு மினி டிராக்டருக்காகத்தான் அந்தத் தீர்மானம் என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர் போடாமல் எழுதியது உங்கள் நல்ல மனசு. ஆனால் பதிலை நான் ஒளித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் தலைவரிடம் தனியாகப் போய்ப் பேசாமல் எல்லோருக்குமாக இந்த மடல்.

நான் சலுகை கேட்கவில்லை. என் வண்டியால் யாருக்கு என்ன தொந்தரவோ அதற்கு விதி போடுங்கள், கட்டுப்படுகிறேன். வண்டியே கூடாது என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது இந்த நகருக்குள் நிற்பதால்தான் ஊருக்கு வெளியே எங்கள் இரண்டு ஏக்கர் இன்னும் வயலாக இருக்கிறது.

முதலில் "கனரக வாகனம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், அது சட்டப்படியே நிற்காது. மோட்டார் வாகனச் சட்டம், சுமை ஏற்றாத எடை 7,500 கிலோவைத் தாண்டாத டிராக்டரை இலகுரக வாகனம் என்றே சொல்கிறது. மினி டிராக்டர் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. பதினைந்து குதிரைத்திறன் முதல் இருபத்தெட்டு வரையிலான இந்த ரகங்கள் பெரும்பாலும் 600 கிலோவிலிருந்து ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல் வரைதான் இருக்கும். அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர், நீளம் இரண்டரை மீட்டர். நம் தெருவில் நிற்கும், ஏழு பேர் உட்காரும் கார்கள் பலவும் ஒன்றரை டன்னுக்கு மேல், அகலம் ஆறடி. இருபத்து மூன்றடி ரோட்டில் இரண்டு பக்கமும் அப்படி இரண்டு கார் நின்றால் நடுவே மிஞ்சுவது பதினோரு அடி. காலையில் பள்ளிக்கூட வேன் அந்தப் பதினோரு அடிக்குள்தான் நெளிந்து போகிறது. என் வண்டி தெருவில் நிற்பதே இல்லை. கார்க்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இடம்தான் பிரச்சினை என்றால் அளவு நாடா எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன்.

இவ்வளவு சின்னதாக ஒரு டிராக்டர் எதற்கு வந்தது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். பெரிய பண்ணைக்குச் செய்த வண்டியைச் சுருக்கி விற்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் நெல் வயல்கள் சின்னச் சின்னத் துண்டுகள். அந்தத் துண்டுகளுக்குள் திரும்பி வரவென்றே அங்கே உருவான இயந்திர வகை இது. கூபோட்டா நிறுவனம் 1969இல் எல்-200 என்ற சிறிய டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அங்கே பெரிய பண்ணைக்காரர்களைவிட, ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் வீட்டு மனைக்காரர்களுக்கு இந்த வகை பிடித்துப்போனது. புல் வெட்டவும், பனி தள்ளவும், தோட்டத்துக்கு மண் வாரவும் இன்றைக்கு அங்கே வீட்டிலேயே இதை வைத்திருப்பவர்கள் உண்டு. நம் பக்கம் வந்த வழி வேறு. பெங்களூரில் 1967இல் மிட்சுபிஷி கூட்டோடு தொடங்கிய விஎஸ்டி நிறுவனம் முதலில் பவர் டில்லர் கொடுத்தது, பிறகு மினி டிராக்டர் கொடுத்தது. மகிந்திராவின் யுவராஜ் 215 வந்த பிறகு, காளை மாட்டை விற்றுவிட்டுப் பெரிய டிராக்டர் வாங்க வழியில்லாமல் நின்ற பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அமெரிக்க மனைக்காரருக்கும் எனக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவருக்கு வண்டியின் வேலை அந்த மனையிலேயே இருக்கிறது. எனக்கு இந்த ஐந்தரை சென்டில் வண்டிக்கு ஒரு வேலையும் கிடையாது. வீடு, படி, தண்ணீர்த் தொட்டி போக மிஞ்சிய இடத்தில் நாலு கத்தரி, இரண்டு முருங்கை, ஒரு பப்பாளி. அதற்கு மண்வெட்டி போதும். மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டரை இறக்கினால் திருப்பவே இடம் இருக்காது, சுற்றுச்சுவர்தான் இடியும். வீட்டைச் சுற்றிக் காய்கறி போட மினி டிராக்டர் வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்ட தம்பிகளுக்கும் இதைத்தான் சொன்னேன். அரை ஏக்கருக்குக் கீழே என்றால் கையால் தள்ளும் பவர் வீடர் போதும்ங்க.

என் மாமனார் காலத்தில் ஊருக்குள் வீடு, வெளியே வயல், வீட்டுக் கட்டுத்தரையில் ஒரு ஜோடி காளை. விடிந்ததும் ஓட்டிக்கொண்டு போவார்கள், பொழுது சாயத் திரும்புவார்கள். காளை நின்ற இடத்தில் இன்றைக்கு இந்த வண்டி நிற்கிறது, அவ்வளவுதான். அன்றைக்குச் சாணி வாசமும் மாட்டு மணிச் சத்தமும் ஊருக்குள்தான் இருந்தன. யாரும் தீர்மானம் போடவில்லை. ஏனென்றால் தெருவில் பாதிப் பேர் வீட்டில் மாடு இருந்தது. இன்றைக்கு நான் மட்டும் தனியாக நிற்பதால்தான் கண்ணை உறுத்துகிறது.

வயலிலேயே கொட்டகை போட்டு நிறுத்தலாமே என்பது நியாயமான கேள்வி. எங்கள் நிலம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்ற இரண்டு வாய்க்காலும் சேர்ந்து 24,504 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றிப் பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி அந்த ஏக்கர்கள்தான். நஞ்சை நிலத்தில் தரை எப்போதும் ஈரம், கொட்டகை போட மேடு கட்ட வேண்டும், கட்டினால் அந்த அளவுக்கு வயல் போகும். இரவில் ஆள் இல்லாத இடத்தில் வண்டியை விட்டால் டீசல் போகும், பேட்டரி போகும், கலப்பையை மாட்டும் பின்னும் டாப் லிங்க்கும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். எலி வயரைக் கடித்துவிட்டால் காலையில் மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். காவலுக்கு ஆள் வைத்தால் அவருக்குக் கொடுக்கும் சம்பளம் நெல் விற்ற காசைத் தின்றுவிடும்.

வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று இன்னொரு கேள்வி. வேளாண்மைப் பொறியியல் துறை இ-வாடகை முறையில் டிராக்டர் தருகிறது, உழவன் செயலியில் பதிந்துகொள்ளலாம், தனியாரும் மணிக் கணக்கில் ஓட்டுகிறார்கள். வெறும் ரூபாய்க் கணக்குப் பார்த்தால் உங்கள் யோசனைதான் சரி. இரண்டு ஏக்கர் நெல்லுக்குப் புழுதி உழவு, சேற்றுழவு இரண்டு சால், ஓரம் சாரம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு போகத்துக்குப் பதினைந்து மணி நேர வேலைதான். ஒரு மீட்டர் ரோட்டாவேட்டரை மாட்டிய மினி டிராக்டர் ஒரு ஏக்கரை ஒரு சால் ஓட்ட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நாலைந்து லட்சம் போட்டு வாங்கிய வண்டிக்கு இது ஒரு வேலையே அல்ல. டிராக்டர் கடன் கொடுக்கும் வங்கிகள் குறைந்தபட்ச நிலம் இவ்வளவு வேண்டும் என்று கேட்பதும் இதனால்தான்.

ஆனால் வாய்க்காலில் தண்ணீர் விடும் வாரத்தில் வந்து பாருங்கள். மொத்த ஆயக்கட்டுக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். பெரிய டிராக்டர்க்காரர் பத்து ஏக்கர் ஒரே இடத்தில் கிடைக்கும்போது, சந்துக்குள் இருக்கும் என் இரண்டு ஏக்கருக்கு ஏன் வருவார்? திருப்பும் நேரமும் வரப்பு ஓரமும் அவருக்கு நஷ்டம். "நாளைக்கு வரேங்க்கா" என்பார். அவர் மேல் தப்பில்லை. அதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது. இருபத்தைந்து நாளைத் தாண்டிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். அந்தப் போகத்தின் லாபம் அங்கேயே போய்விடும். சொந்த வண்டி எனக்கு மிச்சப்படுத்துவது உழவுக் கூலியை அல்ல, அந்த நாலைந்து நாளை. அது தவிர, ஆறடிக்கு ஆறடி நட்ட வாழைக்குள்ளே பெரிய டிராக்டர் நுழையாது. மஞ்சள் எடுத்த காட்டில் மூலை வரைக்கும் உழவும் அதனால் ஆகாது. இந்த மூன்றடி வண்டி போகும். வாழைக்கும் நெல்லுக்கும் மாறி மாறிப் போகும் சின்ன நிலத்துக்கு வேறு வண்டி இல்லை.

நான் மட்டும் விதிவிலக்கு அல்ல. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் கையில் இருக்கும் நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இப்படிப்பட்டவர்கள் பலர் பிள்ளைகள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் டவுனுக்குள் குடியிருந்துகொண்டுதான் வெளியே விவசாயம் பார்க்கிறார்கள். அவர்களிடம் வண்டியை உள்ளே கொண்டுவராதே என்று எல்லா நகரும் சொன்னால் வண்டியை விற்பார்கள். அடுத்த போகத்தில் உழவு தள்ளிப்போகும், அதற்கடுத்த போகம் நிலம் சும்மா கிடக்கும், அதன் பிறகு புரோக்கர் வருவார். நம் நகர் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். நாம் வீடு கட்டியிருப்பதும் அப்படி ஒரு நெல் வயல் மேல்தான். அதை யார் தப்பென்றும் நான் சொல்லவில்லை, நானும் இங்கேதான் இருக்கிறேன். ஆனால் சுற்றி இருக்கும் மிச்ச வயலும் போய்விட்டால் வாய்க்கால் ஓடும் மாதங்களில் நம் போர்வெல்லில் ஏறும் தண்ணீர் எங்கிருந்து வரும்? தேங்கி நிற்கும் வயல் தண்ணீர்தான் மண்ணுக்குள் இறங்கி நம் குழாயில் வருகிறது. கான்கிரீட் தரை அந்த வேலையைச் செய்யாது.

இனி உங்கள் புகார்கள். அவற்றில் பாதிக்கு மேல் நியாயமானவை.

சத்தம். ஒலி மாசு விதிகள் 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை இரவுக் கணக்கு. டீசல் எஞ்சின் கிளம்பும் அந்த ஒரு நிமிடம் வரம்பைத் தாண்டும். புல்லட்டும் தாண்டும்தான், ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. நடவு நேரத்தில் ஐந்து மணிக்கே கிளம்பினால் வெயில் ஏறுமுன் பாதி வேலை முடியும். அப்படியிருந்தும் ஆறுக்கு முன் ஸ்டார்ட் பண்ண மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். மூன்றாம் வீட்டு ஐயா இருதய நோயாளி, எதிர்வீட்டில் கைக்குழந்தை. இவர்களுடைய தூக்கத்தைக் கெடுத்து எனக்கு நெல் வேண்டாம்.

புகை. இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் அதிகமில்லை. ஐம்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து டிரெம்-4 என்ற கடுமையான புகை விதி வந்துவிட்டது. அந்த விதி என் வண்டி போன்ற சின்ன வண்டிகளுக்கு இல்லை. நான் செய்யக்கூடியது, ஃபில்டரையும் ஆயிலையும் தவணை தவறாமல் மாற்றுவது, கொட்டகைக்குள் வைத்து எஞ்சினைச் சூடு பண்ணாமல் உடனே வெளியே எடுப்பது. மாற்றிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை, கேனில் பிடித்து மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுகிறேன்.

சேறு. தார் ரோட்டில் விழும் ஈரக் களிமண்ணில் ஸ்கூட்டர் வழுக்கும். இது அழகுப் பிரச்சினை அல்ல, எலும்பு முறியும் பிரச்சினை. வயல் மோட்டார்த் தண்ணீரிலேயே டயரையும் ரோட்டாவேட்டரையும் கழுவிவிட்டுத்தான் ரோடு ஏறுவேன். மீறி விழுந்தால் அன்றைக்கே நான் கூட்டி எடுக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள்.

ரோடு. புதுத் தார் ரோட்டைக் கீறிக் கிழிப்பது சேற்றுழவுக்கு மாட்டும் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம். அதோடு ரோட்டில் ஓடுவது சட்டப்படியே தப்பு, மோட்டார் வாகன விதிகள் காற்றடித்த டயரைத்தான் கேட்கின்றன. என் கேஜ் வீல் வயல் மேட்டில் சங்கிலி போட்டுக் கிடக்கிறது, ஊருக்குள் வராது. ரப்பர் டயரில் ஓடும் ஒரு டன் வண்டி ரோட்டைக் கெடுப்பதில்லை. நம் மெயின் ரோட்டின் பள்ளங்கள் வீடு கட்ட எம்-சாண்ட் கொண்டுவந்த லாரிகள் போட்டவை. அவை என் வீட்டுக்கும் வந்தவைதான்.

குழந்தைகள். இதில் நான் உங்களைவிடக் கடுமையாக இருக்க விரும்புகிறேன். சாயந்திரம் வண்டி உள்ளே வரும்போது வாண்டுகள் மட்கார்டில் ஏறி உட்கார்ந்து வர ஆசைப்படுகின்றன. சில பெற்றோரும் "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். டிராக்டரில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் இடம். பெரிய பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டில் உட்கார்ந்த பிள்ளை விழுவது அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான். அதைவிடப் பயங்கரம், ரோட்டாவேட்டரைச் சுழற்றப் பின்னால் இருக்கும் பிடிஓ தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. ஒரு துப்பட்டா நுனி சிக்கினால் கையை எடுக்க நேரம் கிடைக்காது. வண்டி ஓட்டும்போது நான் சேலை கட்டுவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம், ஸ்டைல் அல்ல. ஆகவே யார் வீட்டுப் பிள்ளைக்கும் இனி ரவுண்டு கிடையாது. வருத்தப்படாதீர்கள். சாவி வண்டியில் இருக்காது, கலப்பை எப்போதும் தரையில் இறக்கியே இருக்கும், கொட்டகைக்குப் பூட்டுப் போட்ட கதவு வைக்கிறேன்.

கடைசிப் புகார்தான் எனக்குப் புரியாதது. டிராக்டர் நின்றால் நகரின் தோற்றம் கெடும், சைட் விலை இறங்கும் என்கிறீர்கள். நம் சைட்டுகளை விற்றபோது நோட்டீஸில் போட்டிருந்த படம் நினைவிருக்கிறதா? பச்சை வயல், தென்னை, தூரத்தில் மலை. அந்தப் பச்சையைக் காட்டித்தான் விலை வைத்தார்கள், நாமும் அதைப் பார்த்துத்தான் கொடுத்தோம். அந்தப் பச்சை தானாக முளைப்பதில்லை. உழுது, நட்டு, களை எடுத்து யாரோ வைத்திருக்கிறார்கள். பார்க்க வயல் வேண்டும், உழுகிற வண்டி மட்டும் கண்ணில் படக் கூடாது என்றால் அது நடக்காதுங்க.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது பிடிக்காது. காலி சைட்டில் பார்த்தீனியம் மண்டி பாம்பு வரும்போதும், வீட்டு வேலைக்குச் செங்கல் கொண்டுவர வேண்டியிருக்கும்போதும் என்னைத் தேடி வருகிறீர்கள். காலி சைட்டுகளில் வருடத்துக்கு இரண்டு முறை ரோட்டாவேட்டர் ஓட்டிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம், சைட் உரிமையாளர் சம்மதித்தால் போதும். செங்கல், மணல், ஜல்லி மட்டும் ஏற்ற மாட்டேன். விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டரும் டிரெய்லரும் கட்டுமானப் பொருளை வாடகைக்கு ஏற்றக் கூடாது. அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார், இழப்பீடு கேட்டு நிற்பவர் நம் தெருக்காரராகவே இருக்கலாம். என் வண்டி எனக்காக விதியை மீறக் கூடாது என்று சொல்லும் நீங்கள் உங்களுக்காகவும் மீறச் சொல்லக் கூடாது.

ஆகவே அந்தத் தீர்மானத்தை எடுத்துவிட்டு இப்படி வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். நகரில் குடியிருப்பவர் தன் சொந்த விவசாயத்துக்கான டிராக்டர் ஒன்றைத் தன் சுற்றுச்சுவருக்குள் நிறுத்திக்கொள்ளலாம். தெருவில் நிறுத்தக் கூடாது. காலை ஆறுக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கேஜ் வீல் நகருக்குள் வரக் கூடாது. டிரெய்லருக்குச் சிவப்பு ஒளிரும் பட்டையும் பின்விளக்கும் கட்டாயம். ஓட்டுபவரைத் தவிர யாரும் ஏறக் கூடாது. ரோட்டில் விழும் மண்ணை உரிமையாளர் அன்றே அகற்ற வேண்டும். பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், நடப்பு இன்சூரன்ஸ் இவற்றின் நகலைச் சங்கத்தில் கொடுத்து வைக்க வேண்டும். இவற்றில் எதையாவது இரண்டு முறை மீறினால் வண்டியை வெளியேற்றச் சங்கத்துக்கு உரிமை உண்டு. இதில் முதல் கையெழுத்து என்னுடையது.

தெருவில் நிறுத்தக் கூடாது என்ற வரியை மட்டும் எல்லா வண்டிக்கும் பொதுவாக வைக்க முடியுமா என்று பொதுக்குழு பேசிப் பார்க்கட்டும். பள்ளிக்கூட வேன் டிரைவர் நிச்சயம் கையைத் தூக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஆவணங்களின் நகலோடு வருகிறேன். வேறு விதி சேர்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். காபி குடித்துக்கொண்டே சேர்த்து எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் குறுக்குத் தெரு, டிராக்டர் நிற்கும் வீட்டுக்காரி